ஆடி மாதத்து முகூர்த்தம்

வேலை தேடுவது ஒரு காலத்தில் திருட்டு தம் அடிப்பதைப்போல மறைவாகச் செய்யவேண்டிய காரியமாக இருந்தது. வேலையில்லாதவன் வேலை தேடுவதைச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தக் கூச்சம் தேவையில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்து அட்டையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க அவன் வெயிலில் வரிசை கட்டி நிற்கலாம், புதன்கிழமை காலையில் ‘தி ஹிந்து’வின் வேலைவாய்ப்புப் பக்கங்களை டீக்கடை பெஞ்சில் நாலு பேர் பார்க்க விரித்துப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவால் வட்டம் போடலாம், பார்க்கிறவர்கள் பாவம் நல்ல பிள்ளை என்று ஒரு டீகூட வாங்கித் தருவார்கள். நான் சொல்வது, கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு அலைந்த எங்களைப் போன்றவர்களை. அதே புதன்கிழமைப் பக்கத்தை நாங்கள் கிரிக்கெட் செய்திக்குள் மடித்து வைத்துப் படிக்கவேண்டும். பதில் கடிதம் மாமனார் வீட்டு விலாசத்துக்கு வரும்படி எழுதவேண்டும். இன்டர்வியூவுக்குப் போகப் ‘பல் பிடுங்கிக்கொள்ள’ என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஒரு கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வந்து உட்காரவேண்டும். ஒரே வருடத்தில் பல தடவை பல் பிடுங்கிக்கொண்டவர்கள் தீபாவளிக்கு வந்த கெட்டி முறுக்கை எல்லாருக்கும் முன்னால் கடித்துத் தீர்த்த அதிசயத்தை உங்கள் ஆபீசிலும் பார்த்திருப்பீர்கள்.

இதிலெல்லாம் பெரிய கண்டம் பாக்ஸ் நம்பர் விளம்பரம். ‘புகழ்பெற்ற எஞ்சினியரிங் நிறுவனத்துக்கு உடனே தேவை’ என்று இருக்கும். எந்த நிறுவனம் என்று இருக்காது. பாக்ஸ் எண்ணைக் குறித்துப் பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பினால் அவர்கள் கட்டாகக் கட்டி உரியவரிடம் சேர்ப்பார்கள். என் நண்பர் ஒருவர், தற்போதைய நிர்வாகத்தில் திறமைக்கு மதிப்பில்லை என்பதை நாசூக்கான ஆங்கிலத்தில் இரண்டு பத்தி எழுதி அப்படி ஒரு எண்ணுக்கு அனுப்பினார். சில நாள் கழித்து அவருடைய மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்து, “இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது, உட்காருங்கள்” என்றாராம். நண்பர் அந்தக் கம்பெனியிலேயே ரிடையர் ஆனார். அவருடைய ஃபைலுக்குள் இருந்த அந்தக் காகிதமும் கூடவே ரிடையர் ஆகியிருக்கும்.

இப்பேர்ப்பட்ட ஜனங்களுக்காக, அதாவது ஏற்கெனவே உத்தியோகத்தில் இருக்கிற, இருப்பதாலேயே முகத்தைக் காட்ட முடியாத பொறியாளர்களுக்காக, ஊரறிய ஒரு வேலைவாய்ப்பு முகாம் நடத்துவது என்று எங்கள் பொறியாளர் சங்கம் தீர்மானம் போட்டது 1990களின் பிற்பாதியில். அதுவரை சங்கம் என்றால் மாதம் ஒரு சொற்பொழிவு, சொற்பொழிவு முடிந்ததும் காராபூந்தி, காராபூந்தி முடிந்ததும் நன்றியுரை. 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது முதல் பாடி, அம்பத்தூர் என்று பட்டறைகள் பெருகிய இந்த ஊரில், ஒரு கம்பெனிக்குள் அப்ரண்டிசாக நுழைந்தவன் அதே கேட் வழியாகச் சுவர்க் கடிகாரமும் சந்தன மாலையுமாக வெளியே வருவதுதான் மரியாதை என்று இருந்தது. 1991க்குப் பிறகு அந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் கண்டது. ஃபோர்டு மறைமலைநகரில் இடம் பிடிக்க, 1996இல் வந்த ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை வெளியே ஓட்ட, அவர்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவர்கள், அந்த உதிரிபாகத்துக்கு உதிரிபாகம் செய்பவர்கள் என்று சங்கிலித் தொடராக எல்லாருக்கும் ஆள் வேண்டியிருந்தது. அதே 1998இல் சுந்தரம் கிளேட்டன் தரத்துக்காக ஜப்பான் தருகிற டெமிங் பரிசை வாங்கிவிட, அதுவரை ‘லேத் ஓட்டத் தெரியுமா’ என்று கேட்டவர்களெல்லாம் ‘டிக்யூஎம் தெரியுமா’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். தெரியும் என்று சொல்ல நாங்களும் கற்றுக்கொண்டோம்.

அந்த முகாமுக்கு அமைப்புச் செயலாளராக இருந்த இளைஞனை இப்போது நினைத்தால் எனக்கே அவனிடம் ஒரு வாஞ்சை வருகிறது. நீல நிறச் சபாரி சூட், சட்டைப்பையில் மூன்று நிறப் பேனா, ஸ்கூட்டரின் முன்பெட்டியில் கொடுக்காத அழைப்பிதழ்கள், மனசில் தான் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் தொழில் வளர்ச்சி நின்றுபோகும் என்ற திடநம்பிக்கை. அவன் முதலில் செய்த வேலை ஒரு பெர்ட் சார்ட் வரைந்தது. 1958இல் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து விடுகிற போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகக் கண்டுபிடித்த கணக்கு அது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம், எது தாமதமானால் எல்லாமே தாமதமாகும் என்று வட்டமும் அம்புக்குறியுமாகப் போட்டுக் காட்டும். பந்தல்காரருக்கு முன்பணம், ஸ்டால் பலகைக்கு பெயின்டர், ராத்திரி ஊறப்போடவேண்டிய பருப்பு உட்பட அத்தனையையும் டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் வரைந்து, அமோனியா வாடையோடு பிரின்ட் எடுத்து, கமிட்டி உறுப்பினர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தான். அவர்கள் அதை மிகுந்த மரியாதையோடு சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் வீட்டில் அது வெகுகாலம் பரண் ஷெல்ஃபில் விரித்திருந்ததை நானே பார்த்தேன். நல்ல கனமான காகிதம்.

இடம் தேடியதுதான் உண்மையான திட்டமிடல். ஓட்டல் ஹால்களின் வாடகையைக் கேட்டதும் எங்கள் பொருளாளர் காதைப் பொத்திக்கொண்டார். அவர் ஓர் ஆடிட்டருக்கு மருமகன்; ரூபாயைப் பார்க்கிற பார்வையே வேறு. அவருக்குத்தான் அந்த யோசனை வந்தது: ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் சும்மா பூட்டிக் கிடக்கும், பாதி வாடகைக்குக் கொடுப்பார்கள். அப்படித்தான் மேற்கு மாம்பலத்துப் பக்கம் ஒரு மண்டபத்தைப் பிடித்தோம். மண்டப மேனேஜர் நீட்டிய அச்சடித்த படிவத்தில் மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நேரம் என்று மூன்று கோடுகள். எதையும் காலியாக விட அவருக்கு மனமில்லை. மணமகன் இடத்தில் சங்கத்தின் பெயரையும், மணமகள் இடத்தில் ‘பல கம்பெனிகள்’ என்றும் பொருளாளர் எழுதினார். முகூர்த்தம் காலை 9 முதல் மாலை 5 வரை. “ரொம்ப நீள முகூர்த்தம் சார்” என்று சொன்னபடியே மேனேஜர் ரசீது கிழித்தார்.

அந்த மண்டபம் முகாமுக்கென்றே கட்டியதுபோல இருந்ததை என்னவென்று சொல்ல. நாதஸ்வரக்காரர்கள் உட்காருகிற சின்ன மேடை பதிவு கவுன்டர் ஆனது. மணமேடையில், யாருக்கோ நடந்த கல்யாணத்தின் தெர்மகோல் அன்னப்பறவைகள் இன்னும் பறந்துகொண்டிருந்த பின்னணியில், தலைவர் குத்துவிளக்கேற்றினார். ஹாலின் இரண்டு ஓரமும் ஸ்டால்கள்; ஸ்டால் என்றால் ஒரு மேஜை, வெள்ளைத் துணி, கம்பெனிப் பெயரெழுதிய அட்டை, ஒரு தண்ணீர் ஜக். மாடியில் மணமகன் அறை, மணமகள் அறை இரண்டும் நேர்முக அறைகள். மணமகள் அறையில் சுவரளவு நிலைக்கண்ணாடி ஒன்று. தேர்வாளருக்குப் பின்னால் அது மாட்டியிருந்ததால், கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கிற தன் முகத்தைத் தானே பார்க்கவேண்டிய கொடுமை உள்ளே போனவர்களுக்கு நேர்ந்தது. டை கட்டி வந்தவர்கள் பாதிப் பதிலில் டையைச் சரிசெய்ததாகக் கேள்வி.

மணமகள் அறை என்று பெயர்ப்பலகை இருந்த அந்த அறைக்குள் ஒரு பெண்கூட இன்டர்வியூவுக்குப் போகவில்லை என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வந்திருந்த இரண்டொரு பெண் பொறியாளர்களிடம் ஸ்டால்காரர்கள் சமத்காரமாக, ‘ஷிப்ட் வேலை இருக்கிறதே அம்மா’ என்றார்கள். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்கள் இரவு ஷிப்டில் வேலை செய்யக்கூடாது என்றது. எங்கள் தொழிலில் மூன்று ஷிப்டும் பார்க்காதவன் மேலே வர முடியாது. கணக்கு அத்துடன் முடிந்தது. அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2000இல். பழைய நாளைப் பற்றி உருகிக்கொண்டே போகிற என்னை என் மகள் நிறுத்துகிற இடமும் இதுதான். அவள் ஒரகடத்தில் ஒரு பிளான்டில் இரவு ஷிப்டுக்குப் பொறுப்பாளர். “உங்க மண்டபத்துல எனக்கு காபி ஆத்துற வேலைதான் கிடைச்சிருக்கும்ப்பா” என்பாள். அதற்கும் ஆள் இருந்தது என்று நான் சொல்வதில்லை.

அந்த ஆள் சமையல் மாஸ்டர். பெர்ட் சார்ட் வரைந்த அந்த இளைஞன் நான்தான்; அதில் ஒரு பிரதியை அவரிடமும் கொடுத்து, அவருடைய வட்டங்கள் எவை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மடியிலிருந்து சிகரெட் அட்டையின் பின்பக்கத்தை எடுத்து, “எத்தனை இலை தம்பி?” என்று மட்டும் கேட்டார். நான் பதிவுகளின் போக்கு, வராதவர் விகிதம், கடைசி நேர வருகை என்று ஒரு வரம்பு சொன்னேன். அவர் ஏதோ ஒரு எண்ணை எழுதிக்கொண்டு போனார். முகாமன்று மைக் தாமதம், ஸ்டால் பலகைகள் தாமதம், தலைமை விருந்தினர் பெருந்தாமதம். அன்றைக்கு நேரத்துக்கு நடந்த ஒரே காரியம் பத்து மணிக் காபியும் பன்னிரண்டரைப் பந்தியும்தான். இலையும் மிஞ்சவில்லை, சோறும் போதாமல் போகவில்லை. போலாரிஸ் திட்டத்துக்கு அந்த மனிதரை வைத்துக்கொண்டிருந்தால் அமெரிக்காவுக்குக் காகிதச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஆனால் அந்த இளைஞனின் மூளையில் உதித்த ஒரு விஷயத்தை நான் இன்றும் மெச்சிக்கொள்வேன்: சட்டையில் குத்துகிற அட்டையில் பெயர் மட்டும், கம்பெனி பெயர் கிடையாது. உறுப்பினர்கள் பயந்தது வேலை கிடைக்காமல் போவதற்கல்ல, பார்த்துவிடுவார்களே என்பதற்கு. ஆள் எடுக்க வருகிற கம்பெனிக்காரரும் சங்க உறுப்பினர், வேலை தேடி வருகிறவரும் சங்க உறுப்பினர், இருவரும் ஒரே கம்பெனியாக இருந்துவிட்டால்? இருந்தது. ஒரு ஸ்டாலில் உட்கார்ந்து பயோடேட்டா வாங்கிக்கொண்டிருந்த சூப்பரின்டெண்டென்ட் தலையை நிமிர்த்தினால், எதிரே நீட்டிய கையோடு அவருடைய சொந்த ஃபோர்மேன். ஃபோர்மேன் ஒரு கணமும் தயங்காமல், “சார், சும்மா உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். அன்று ஹாலில் ‘சும்மா’ வந்தவர்களை மட்டும் வைத்தே ஒரு தொழிற்சாலை ஓட்டலாம். இதைவிடச் சுவாரசியம் சாயங்காலம் நடந்தது: அதே சூப்பரின்டெண்டென்ட், ஸ்டாலைப் பக்கத்து மேஜைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறி மணமகன் அறைக்குள் நுழைந்தார். உள்ளே இருந்தது வேறு கம்பெனி.

இன்று அந்த நாடகத்துக்கெல்லாம் இடமில்லை. லிங்க்ட்இன்னில் தன் புகைப்படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் மாட்டி ‘வேலைக்குத் தயார்’ என்று பறைசாற்றிக்கொண்டே பையன் மேனேஜருக்குக் குட்மார்னிங் சொல்கிறான்; மேனேஜர் அந்தப் படத்துக்கு லைக் போடுகிறார். பயம் போனது நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் பாருங்கள், பஞ்சு அடக்கிய கன்னத்தோடு எதிரே வருகிற இன்னொரு பஞ்சு அடக்கிய கன்னத்தைப் பார்த்து ஒருவார்த்தை பேசாமல் கண்ணாலேயே வாழ்த்திக்கொண்ட அந்தக் கள்ளத் தோழமை இவர்களுக்குக் கிடைக்காது.

நான் சொல்ல வந்தது பந்தியைப் பற்றி. மேஜைக்கு அந்தப் பக்கம் கம்பெனி, இந்தப் பக்கம் ஆள் என்று காலை முழுக்க ஹாலில் நடந்ததற்கு நாங்கள் முகாம் என்று பெயர் வைத்திருந்தோம். முகாம் நடந்தது கீழே சாப்பாட்டுக் கூடத்தில். மண்டபத்துப் பந்தியில் யார் பக்கத்தில் யார் என்பதை எந்தக் கமிட்டியும் தீர்மானிக்க முடியாது. முந்தின பந்தி எழுந்து மேஜைமேல் காகிதத்தை உருட்டிப் புதுக் காகிதம் விரித்த உடனே கிடைத்த இடத்தில் உட்காரவேண்டியதுதான். அப்படி ஒரு பெரிய கம்பெனியின் பர்சனல் மேனேஜருக்கு இடப்பக்கம் ஒரு ஹீட் டிரீட்மென்ட் ஆள் உட்கார்ந்தார். ஹாலில் அந்த ஆளின் பயோடேட்டாவை அதே மேனேஜர் அரை நிமிடம் பார்த்துவிட்டு அடுக்கில் போட்டிருந்தார். இங்கே ரசத்துக்கும் மோருக்கும் இடையில், பரிமாறுகிறவர் அப்பளத்தோடு திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தில், கம்பெனியில் கியர்கள் ஏன் கோணிக்கொண்டு வருகின்றன என்று மேனேஜர் யாரிடமோ அலுத்துக்கொள்ள, இந்த ஆள் குனிந்த தலை நிமிராமல், “எண்ணெயில இறக்கும்போது படுக்கவெச்சு இறக்குறாங்களா, தொங்கவிட்டா சார்?” என்று கேட்டார். பாயசம் வருவதற்குள் வேலை முடிவாகிவிட்டது. கை கழுவுகிற குழாயடியில் சம்பளம் பேசிக்கொண்டார்கள்; எதிரெதிர் ஈரக்கையோடு பேசுகிறபோது யாரும் அதிகம் பேரம் பேசுவதில்லை.

சேருவதை மட்டும் ஆவணிக்குத் தள்ளிவைத்துக்கொண்டார்கள். ஆடியில் எவனும் புது வேலையில் சேரமாட்டான் என்பது எங்கள் முகாமுக்குத் தற்செயலாக வாய்த்த வசதி. ஆஃபர் ஆடியில், ஆடி பூராவும் பழைய கம்பெனியில் கணக்கு ஒப்படைப்பு, ஆவணி முதல் வளர்பிறையில் புதுக் கம்பெனியில் கையெழுத்து. பஞ்சாங்கமே நோட்டீஸ் பீரியடாக இருந்தது. இப்போது மூன்று மாத நோட்டீஸ் என்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் பையன் இந்த ஆஃபரைக் காட்டி அங்கே ஒன்று, அதைக் காட்டி இன்னொன்று என்று வாங்கிக்கொண்டு, சேரவேண்டிய நாளன்று போனை அணைத்துவிடுகிறானாம். நல்ல நாள் பார்த்துச் சொன்னால் ஒருவேளை வருவானோ என்னவோ.

பயோடேட்டாக்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் அந்தக் காலம் கோபித்துக்கொள்ளும். தகப்பனார் பெயர், ஜாதகத்துக்கு வேண்டிய அளவுக்குப் பிறந்த தேதி, உயரம், எடை, தெரிந்த மொழிகள், டைப்ரைட்டிங் லோயர் பாஸ். கடைசியில் மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி, இடம், நாள், கையெழுத்து. தி. நகரிலும் மயிலாப்பூரிலும் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களில் ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு ஊர் முழுமைக்கும் அடித்துக் கொடுத்தார்கள். ஆகவே சென்னைப் பொறியாளர்கள் அத்தனை பேரும் எழுத்துப் பிசகாமல் ஒரேயளவு நேர்மையும் கடின உழைப்பும் உடையவர்களாக இருந்தார்கள். இன்று கம்ப்யூட்டர் அவனவனுக்கு ரெஸ்யூமே எழுதிக் கொடுக்கிறது, கம்பெனியின் கம்ப்யூட்டர் அதை வாங்கிச் சொற்களைத் தேடி வடிகட்டுகிறது. தேடுகிற சொற்களை வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை எழுத்தாக, மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் நிரப்பி அனுப்புகிற சூட்டிகை இருக்கிறது. எல்லாரும் மறுபடியும் ஒரே அளவு நேர்மையும் கடின உழைப்பும் உடையவர்களாக ஆகிவிட்டார்கள். உறுதிமொழி, இடம், நாள் மூன்றும் மட்டும் டைப்ரைட்டரைத் தாண்டி, கம்ப்யூட்டரைத் தாண்டி, இன்றைக்கும் அடியில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. யார் சொன்னாலும் எழுந்திருக்கமாட்டேன் என்கின்றன.

ஒவ்வொரு வருடமும் ஸ்டால் போட்டவர்களின் பட்டியலைச் சங்க அலமாரியிலிருந்து எடுத்து அடுக்கினால் இந்த ஊரின் தொழில் சரித்திரம் கிடைக்கும். முதல் சில வருடம் வார்ப்படம், ஃபோர்ஜிங், பிரேக், பேரிங். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு சாஃப்ட்வேர்க்காரர்கள் நுழைந்தார்கள். லேத்தின் சத்தத்தைக் கேட்டே உளி மழுங்கிவிட்டதென்று சொல்லக்கூடிய பையன்களை அள்ளிக்கொண்டுபோய்க் குளிர்சாதன அறையில் உட்காரவைத்தார்கள். கையில் எண்ணெய்க் கறை போனதில் அம்மாக்களுக்கு ஆனந்தம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியதும் பட்டியலில் கைபேசிக்காரர்கள். 2014இல் அந்த ஆலை மூடியதும் பட்டியலில் அதே ஆட்கள், இந்த முறை மேஜைக்கு இந்தப் பக்கம். ஃபோர்டு 2022இல் மறைமலைநகரில் கடைசிக் காரைச் செய்து முடித்தது. அதற்கு ஆள் எடுப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் முகாமே ஆரம்பித்தோம். இப்போது பேட்டரி, மின்வண்டி, ஐபோன். அடுத்தது என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். பேஜர் நிலைத்து நிற்கும் என்று சங்கக் கூட்டத்தில் அடித்துப் பேசி ஒரு பேஜரும் வாங்கியவன் நான்.

கொரோனா வருடத்தில் முகாம் திரைக்குள் போனது. திரையில் ஒரு பளிங்கு மண்டபம், அதில் செடித்தொட்டிகள், கம்பெனி ஸ்டால்கள், ‘பழகுமிடம்’ என்று சோபா போட்ட ஒரு மூலை. பெயரைத் தட்டியதும் நமக்கு ஓர் உருவம் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது சுருட்டை முடியும் கால்சட்டையுமாக இருபத்தைந்து வயசுப் பையன். ஆசையாக உலவினேன். பழகுமிடத்துக்குப் போனால் இன்னும் நாலைந்து சுருட்டை முடிகள் சும்மா நின்றுகொண்டிருந்தன. யாரோ, “ஹலோ, கேக்குதா?” என்றார். “கேக்குது.” “நான் பேசறது கேக்குதா?” “கேக்குது சார்.” அத்தோடு பழகி முடித்தோம். ஆனால் ராமநாதபுரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பஸ் செலவில்லாமல் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், அவர்களில் சிலருக்கு வேலையும் கிடைத்தது என்பதை என் மண்டபப் பெருமைக்காக மறைக்க முடியாது. முதல் முகாமுக்கு நாங்கள் அனுப்பிய புக்போஸ்ட் அழைப்பிதழ்கள் செங்கல்பட்டைத் தாண்டியிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இப்போது மறுபடியும் நேரில் நடக்கிறது, நட்சத்திர ஓட்டலில். நடத்துவது ஈவென்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி. சங்கத்தின் வேலை மேடையில் உட்கார்வது. கழுத்துப்பட்டையில் தொங்குகிற அட்டையில் கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் ஜாதகம் முழுதும் வரும். ஆளுயரப் பதாகைகள், செல்ஃபி எடுக்க ஒரு மூலை, எத்தனை பேர் எந்த ஸ்டாலில் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டுகிற ஒரு திரை. நாங்கள் முகாம் வெற்றியா என்பதை மூன்று மாதம் கழித்து உறுப்பினர்களுக்குப் பதில் அஞ்சலட்டை இணைத்து எழுதித் தெரிந்துகொண்டோம். ‘சேர்ந்துவிட்டேன், சம்பளம் திருப்தி, கேன்டீன் சுமார்’ என்று ஒரு அட்டை வந்தது. இவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கே வெற்றி தெரிந்துவிடுகிறது. ஸ்டாலில் உட்காருகிறவருக்கு ‘சரி, வா’ என்று சொல்ல அதிகாரம் உண்டா என்று நாங்கள் ஸ்கூட்டரில் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தோம். அதில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்தோம். இப்போது ஸ்டாலில் நிற்பவர்கள் சிரித்த முகமுள்ள இரண்டு பிள்ளைகள். பேனாவும் சாவிக்கொத்தும் கொடுத்து, “வெப்சைட்ல அப்ளை பண்ணிடுங்க சார்” என்கிறார்கள். வீட்டிலேயே செய்திருக்கலாம், ஆனால் வீட்டில் சாவிக்கொத்து கொடுக்கமாட்டார்கள்.

சாப்பாடு பஃபே. பிளாட்டினம், கோல்டு ஸ்பான்சர்களுக்குக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தனி; மற்றவர்களுக்குக் கூப்பன். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஆளுக்கொரு தூணோரம் நின்று, கைபேசியைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். ‘நெட்வொர்க்கிங் லவுஞ்ச்’ என்று பலகை மாட்டிய அறையை எட்டிப்பார்த்தேன். உள்ளே வயலின் இசை ஒலித்துக்கொண்டிருந்தது, ஒரு சோபாவில் தொண்டர் பையன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். கூட்டம் எங்கே என்று தேடிப்போனால், ஓட்டலின் பின்பக்க கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டி டீக்கடை. ஸ்டாலில் அதிகாரமில்லாமல் சிரித்த அதே இரண்டு பிள்ளைகள் அங்கே வேலை தேடி வந்தவர்களிடம், எந்த டிபார்ட்மென்டில் உண்மையில் ஆள் வேண்டும், எந்த மேனேஜரிடம் மாட்டக்கூடாது என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பச்சை சிவப்புத் திரையின் கண்ணுக்கு அந்தத் தெரு எட்டவில்லை.

ஆகவே, அடுத்த வருட முகாமுக்கு மூத்த உறுப்பினர்களின் ஆலோசனை வேண்டும் என்று புதுக் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது, நான் ஒன்றே ஒன்று எழுதினேன்: இலை போட்டுப் பந்தி வையுங்கள், எல்லாருக்கும் ஒரே பந்தி, கிடைத்த இடத்தில் உட்காரட்டும். மணிக்கணக்கில் பதிலில்லை, பிறகு திடீரென்று கைதட்டல்களும் தீப்பிழம்புகளும் கும்பிட்ட கைகளுமாகக் குழு நிரம்பி வழிந்தது. மறுநாள் வீடியோ கூட்டத்தில் அதற்குப் ‘பாரம்பரிய விருந்து அனுபவம்’ என்று பெயர் வைத்து, தனி ஸ்பான்சர் பிடிக்கலாம் என்று முடிவு செய்து, முதல் பந்தியைப் பிளாட்டினத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் பலன் என்பதைக் கம்ப்யூட்டரை வைத்தே பொருத்தம் பார்த்துவிடலாம் என்று ஒரு பெண் சொன்னாள். கெட்டிக்காரி, அந்த நாளில் பெர்ட் சார்ட் வரைந்தவனுக்குப் பேத்தியாக இருக்கவேண்டியவள். பொருத்தம் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் இலை எண் வேண்டும், எண் வேண்டுமென்றால் அங்கே ஸ்கேன் செய்ய ஏதாவது வேண்டும். கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் கலந்துபேசிக்கொண்டார்கள். கடைசியில் தலைவர் தம்பி மிகுந்த மரியாதையோடு என் பக்கம் திரும்பி, “சார், நீங்கதான் சொல்லணும், கியூஆர் கோடை இலையில எந்தப் பக்கம் ஒட்டலாம்?” என்றார்.

நுனி இடது கைப்பக்கம் வரவேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.